வண்டிய லோயர் பண்ணா இன்ஜின் சூடாகுமா? பானெட்ட வெட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "2016 ஸ்விஃப்ட் பெட்ரோல். லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கியிருக்கேன். இப்ப சிக்னல்ல நின்னா ஏசி கூலிங் குறையுது, பானெட் சுடுது, பைபாஸ்ல போனா சரியாயிடுது. ஸ்பிரிங் போட்ட கடைல, அடியில காத்து போகல, பானெட்ல வென்ட் (காத்து போற ஓட்டை) வெட்டி தெர்மோஸ்டாட்ட (கூலன்ட் ஓட்டத்த கட்டுப்படுத்தற வால்வு) கழட்டிடலாம், 18,000 ஆகும்ங்கறாங்க. பண்ணலாமா?"

பண்ணாதீங்க தம்பி. பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. பைபாஸ்ல சரியாயிடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வண்டி ஓடும்போது காத்து தானா கிரில் வழியா உள்ள வந்து, ஏசி கண்டென்சர் (ஏசி கேஸ குளிர வைக்கறது), ரேடியேட்டர் ரெண்டையும் தாண்டி, பெரும்பாலும் இன்ஜினுக்கு அடியில வெளிய போகும். உயரம் குறைஞ்சதுதான் பிரச்சனைன்னா ஓடும்போதுதான் சூடாகணும். நின்னா சூடு, ஓடினா சரின்னா அது ரேடியேட்டர் ஃபேனோட பிரச்சனை. நிக்கற வண்டிக்கு காத்து குடுக்க அத விட்டா வேற ஆள் இல்ல, தரைக்கும் வண்டிக்கும் 170 மில்லிமீட்டர் இருந்தாலும் 130 இருந்தாலும் அதுக்கு பெருசா வித்தியாசம் இல்ல.

வண்டிய நிழல்ல நிறுத்தி இன்ஜின் ஆன்ல வச்சு ஏசி போடுங்க. கொஞ்ச நேரத்துல ஃபேன் சத்தமா சுத்த ஆரம்பிக்கணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டர் கனெக்டர் இந்த வரிசைல பாக்க சொல்லுங்க. கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருந்தா அங்கதான் ஆள் மாட்டினான். சுத்துது ஆனா உரசற சத்தம் வருதுன்னா, பம்பர் எங்கயாவது ஸ்பீடு பிரேக்கர்ல இடிச்சு ரேடியேட்டரோட கீழ் மவுண்ட் நகர்ந்து ஃபேன் இறக்கை அத சுத்தி இருக்கற கூட்டுல (ஷ்ரவுட்) படுதான்னு பாருங்க. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசி அடைச்சிருக்கறதும் உண்டு. இதுக்கெல்லாம் 18,000 ஆகாது, அதனாலதான் கடைக்காரர் வாயில இதெல்லாம் வரல.

லோயரிங்னால உண்மையிலயே சூடாகற கேஸ் ஒண்ணு இருக்கு, அத கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். இன்ஜினுக்கு அடியில கறுப்பா ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், சேறு அடிக்காம இருக்கத்தான் அதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வேகமா போகும்போது அடியில வர்ற காத்து மேல ஏறி இன்ஜின் ரூமுக்குள்ள நுழையாம தடுக்கும். அது கிழிஞ்சு போச்சுன்னா ரேடியேட்டருக்கு பின்னாடி காத்து அழுத்தம் ஏறும், பின்னாடி அழுத்தம் ஏறினா முன்னாடி இருந்து வர்ற காத்து உள்ள நுழையாது, அப்ப நல்லா ஓடற ஹைவேலதான் டெம்பரேச்சர் ஏறும். வண்டி இறங்கினதும் முதல்ல அடிபடறது இந்த கவரும் அதோட கிளிப்பும்தான், சர்வீஸ்ல தொங்கறத பாத்துட்டு பிச்சு தூக்கி போட்டு "தேவையில்லாதது சார்"னு சொல்லிடுவாங்க. ரேடியேட்டர் ஓரமா ஒட்டியிருக்கற ரப்பர், ஸ்பாஞ்ச் பட்டையும் அப்படித்தான், அது போச்சுன்னா சூடான காத்தே சுத்தி முன்னாடி வந்து திரும்ப உள்ள போகும். உங்க வண்டில கவர் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. கேபிள் டை போட்டு கட்டியிருந்தா புது கிளிப் வாங்கி மாட்டுங்க.

தெர்மோஸ்டாட்ட கழட்டற யோசனைய யார் குடுத்தாலும் அந்த கடைய மாத்துங்க. அது இல்லாம ஹைவேல இன்ஜின் வேலை சூட்டுக்கே வராது, இன்னும் சூடாகலைன்னு நினைச்சு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல அதிகமா ஊத்தும், மைலேஜ் போகும். சிக்னல்ல ஃபேன் சுத்தாத பிரச்சனை அப்படியே இருக்கும். பானெட் வென்ட்டும் இடம் பாத்து வெட்டலைன்னா மழைத்தண்ணி நேரா உள்ளதான். அத விட மோசம், ஹிஞ்சுக்கு (கீல்) அடியில வாஷர் குடுத்து பானெட்டோட பின்பக்கத்த தூக்கி விடறது. கண்ணாடிக்கு கீழ இருக்கற அந்த இடத்துல வேகமா போகும்போது காத்து அழுத்தம் அதிகம், சூடு வெளிய வர்றதுக்கு பதிலா காத்து உள்ளதான் போகும். சிக்னல்ல நின்னா இன்ஜின் சூடு அங்க வரும், ஏசி வெளிக்காத்து எடுக்கற வாயும் அங்கதான் இருக்கு. ஏசி கூலிங் இல்லைன்னு போனவருக்கு இந்த வைத்தியம்.

அப்புறம் ஆர்டிஓ ஏஜென்ட் யாராவது "ஆர்சில லோயரிங் ஏத்தி தர்றேன்"னு பணம் கேட்டா குடுக்காதீங்க. கம்பெனி ஸ்பெக்க மாத்தறதுக்கு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடை போடுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிச்சு. மாட்டினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா, ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு. ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல ஸ்பிரிங்கதான் பாப்பான். அதே சமயம் ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம் தான் இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்கு வச்சிருக்கு, நம்ம ஊர்ல ராத்திரியோட ராத்திரியா பெயின்ட் கூட இல்லாம மலை மாதிரி ஒண்ணு கட்டிட்டு போறாங்க, அத யாரும் கேக்கறதில்ல. புடிக்கறது மட்டும் உங்கள.

ஒரிஜினல் ஸ்பிரிங் வீட்ல இருந்தா திரும்ப மாட்டிடுங்க. போட்டது ரெடிமேட் லோயரிங் ஸ்பிரிங்கா, இல்ல பழைய ஸ்பிரிங்கயே வெட்டி குட்டையாக்கினதான்னு நீங்க எழுதல. வெட்டினதுன்னா ஃபேன பாக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க, ஜாக்கி போட்டு வீல் தொங்கும்போது ஸ்பிரிங் கைல ஆடுச்சுன்னா அந்த வண்டிய ஓட்டாதீங்க.