அந்த 'எல்லாருக்குள்' நாங்களும் இருக்கிறோமா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புதிய பதிப்பு பற்றிக் கேள்வி பதில்

போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து போகும்போது பிஸ்கற் ரின்னுக்குள் நீங்கள் எழுதிப் போட்ட கேள்விகளை எல்லாம் வீட்டில் வைத்து வாசித்தேன். கிளிநொச்சி மேசைக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, மல்லாவி, முள்ளியவளை, வவுனியாவில் இருந்தும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். முக்கால்வாசிக் கேள்வி ஒன்றைத்தான் சுற்றி வருகிறது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பு எல்லா ரசிகர்களுக்கும் இடம் தருகிறது என்கிறார்களே, அந்த 'எல்லாருக்குள்' நாங்களும் அடக்கமா?

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாங்கள் செய்வதைச் சொல்லி, இருபது பக்கத் தாயத்தை உருட்டி முடிவு பார்ப்பார்கள். நடத்துகிறவரை டிஎம் என்பது வழக்கம். கூத்துப் பழக்குகிறவரைச் சொல்வதுபோல நாங்கள் அண்ணாவியார் என்கிறோம்.

உயர்தரம் படிக்கும் தம்பி, மல்லாவி: அக்கா, மாமா கனடாவில் இருந்து கொண்டுவந்து தந்த 2014 புத்தகம்தான் என்னிடம் இருக்கிறது. இனி அது உதவாதா?

உதவும் தம்பி, தாராளமாக. விளையாடுகிறவர்களுக்கான புத்தகம் 2024 செப்டெம்பரிலும், அண்ணாவியாருக்கானது நவம்பரிலும், பூதங்களின் புத்தகம் 2025 பெப்ரவரியிலும் வந்தன. மூன்றுமே உங்களிடம் இருக்கிற ஐந்தாம் பதிப்பைத் திருத்தியவைதான், ஆறாவது என்று வெளியிடுகிற விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் பெயர் வைக்கவில்லை. பழைய கதைகளைப் புதிய விதியில் ஓட்டலாம். பழைய புத்தகத்துப் பாத்திரத்தைப் புதிய மேசைக்குக் கொண்டுவரவும் புத்தகத்திலேயே வழி சொல்லியிருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலே பேசி வையுங்கள். ஒரே பெயருள்ள மந்திரம் இரண்டு புத்தகத்திலும் வேறு மாதிரி வேலை செய்யும். காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்கு 2014 இல் எட்டுப் பக்கத் தாயம் ஒன்று, 2024 இல் இரண்டு. எங்கள் மேசையில் இரண்டு வைத்தியர்கள் அருகருகே இருந்து, ஒருவர் ஒன்றையும் மற்றவர் இரண்டையும் உருட்டியபோது முகம் சுருங்கிவிட்டது. இப்போது மந்திரம் எல்லாம் புதியதில் இருந்து, பாத்திரம் எதில் இருந்தும் வரலாம் என்று வைத்திருக்கிறோம்.

வவுனியா அண்ணை ஒருவர்: தங்கச்சி, ஒவ்வொரு பதிப்பும் பழைய ஆக்களைத் தள்ளிவிட்டுத்தானே வந்தது. இந்த முறை மட்டும் என்ன புதுசு?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது அண்ணை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974 இல் தொடங்கிய விளையாட்டு இது. 2000 இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது விதிகளை மற்றவர்களும் எடுத்துப் புத்தகம் போடலாம் என்று திறந்த உரிமம் கொடுத்தார்கள். 2008 இல் நான்காம் பதிப்பு விதிகளையும் அடியோடு மாற்றியது, உரிமத்தையும் இறுக்கியது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பழையதை விட மனமில்லாதவர்களுக்காக பைசோ நிறுவனம் 2009 இல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. பிரிந்தவர்களைத் திரும்பக் கூட்டத்தான் 2012 முதல் பொதுமக்களுக்கே விதிகளைக் கொடுத்து விளையாடிப் பார்க்கச் சொல்லி, 2014 இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டார்கள்.

பிறகு 2023 ஜனவரி. அந்தத் திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று கசிந்தது. வருடம் ஏழரை லட்சம் டொலருக்கு மேல் வருமானம் பார்க்கிறவர்கள், மேலதிகமாக வருவதில் நூற்றுக்கு 25 வரை பங்கு கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ரசிகர்கள் நிறுவனத்தின் இணையத்தளச் சந்தாவை நிறுத்தி எதிர்த்தார்கள். அதே மாதம் 27 ஆம் திகதி நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியதோடு நிற்காமல் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. அந்த உரிமத்தைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இந்த முறை புதுசு என்றால் அதுதான். கடைசிக் கேள்வியில் திரும்ப வருகிறேன், எங்களுக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளிநொச்சி, கம்பஸ் மாணவி: பாத்திரம் மனிதரா, எல்ஃபா, குள்ளரா என்று எழுதுகிற இடத்தில் 'ரேஸ்' என்பதை எடுத்துவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லை மாற்றியதற்கு இவ்வளவு ஆரவாரம் ஏன்?

நீங்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, பிறந்த திகதி, இனம். அந்தக் கட்டத்தை நிரப்பி வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் தரம் பாத்திரத் தாளைத் தமிழில் எழுதியபோது 'ரேஸ்' இருந்த இடத்தில் யோசிக்காமல் 'இனம்' என்று எழுதினேன். தாளை வாங்கிய ஒரு பெரியவர் அந்தச் சொல்லில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "விளையாட்டிலும் இதைக் கேட்பீங்களோ பிள்ளை?" என்றார். அன்றைக்கே அதை அழித்தேன்.

'உயிரினம்' என்றால் விஞ்ஞானப் பாடம் மாதிரி இருக்கிறது. 'குலம்' என்று ஒரு தம்பி சொன்னார், அது சாதியைக் கொண்டுவந்து மேசையில் இருத்திவிடும். இப்போது 'மரபு' என்று எழுதுகிறோம். பாத்ஃபைண்டரும் 2019 இல் வந்த இரண்டாம் பதிப்பில் வம்சாவளி என்ற பொருள்படும் சொல்லைத்தான் எடுத்தது.

சொல்லைவிட முக்கியம் அதற்குப் பின்னால் இருந்த கணக்கு. 2014 இல் எல்ஃப் என்றால் பிறப்பாலேயே லாவகம் கூட, குள்ளர் என்றால் திடம் கூட. பிறந்த இடத்தை வைத்து ஒருவருக்குப் புத்தி இவ்வளவு, பலம் இவ்வளவு என்று எழுதி வைப்பது எங்களுக்குப் புதிய பேச்சல்ல, அதனால்தான் எனக்கு அது எப்போதும் உறுத்தியது. 2020 இல் துணைநூலாக வந்த டாஷாவின் புத்தகம் அந்தப் புள்ளிகளை விரும்பியபடி மாற்றலாம் என்றது. 2024 பதிப்பு பிறப்பில் இருந்து அவற்றை முழுதாக எடுத்துவிட்டது. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

விசுவமடு தங்கச்சி: நான் 'விவசாயி' பின்புலம் எடுத்தேன். அறிவுக்குப் புள்ளி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

புதிய பதிப்பில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையே இதுதான். பிறப்பில் இருந்து எடுத்த புள்ளிகளைக் கொண்டுபோய்த் தொழிலில் கட்டிவிட்டார்கள். பதினாறு பின்புலங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குணங்கள். விவசாயிக்கு பலம், திடம், விவேகம். அறிவு இல்லை. கமக்காரர் பிள்ளை மந்திரவாதியாக வர நினைத்தால் அந்தக் கூடுதல் புள்ளி கிடைக்காது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த நாளில் எந்த வாய்க்காலுக்கு வரும், எந்த நெல்லுக்கு எத்தனை நாள், மழை பிந்தினால் என்ன செய்வது என்று தலைக்குள்ளேயே கணக்கு வைத்திருக்கிற ஆட்கள் மத்தியில் இருந்துகொண்டு இதை எப்படி ஒப்புக்கொள்வது?

வழி இரண்டு உண்டு. அண்ணாவியாருக்கான 2024 புத்தகத்தில் சொந்தமாகப் பின்புலம் ஆக்கும் முறை இருக்கிறது. இன்னொன்று, பழைய புத்தகத்துப் பின்புலத்தை எடுத்தால் புள்ளிகளை விரும்பிய குணத்துக்குப் போடலாம் என்று புதிய விதியே சொல்கிறது. உங்களுக்கு நான் 'குளத்தடிக் கமக்காரர்' என்று ஒன்று எழுதித் தருகிறேன்: திடம், அறிவு, விவேகம். விவசாயிக்கு வரும் 'டஃப்' திறமை அப்படியே இருக்கட்டும், பாத்திரத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் இரண்டு உயிர்ப்புள்ளி கூடத் தரும். அதை விட்டுவிடாதீர்கள்.

பெயர் போடாத கேள்வி: மனிதரும் எல்ஃபும் கலந்த பாதி எல்ஃபை ஏன் எடுத்துவிட்டார்கள்? என் அம்மா மலையகம், அப்பா மாங்குளம். அந்தப் பாத்திரம்தான் எனக்கு என் கதை மாதிரி இருந்தது.

இதை வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் தனியே வைத்தேன். பாதி எல்ஃபும் பாதி ஓர்க்கும் 2024 புத்தகத்தில் இல்லை. ஓர்க் தனி மரபாக வந்துவிட்டது. 'பாதி' என்று ஒருவரைச் சொல்வது சரியில்லை என்ற எண்ணம் விளங்குகிறது. ஆனால் பெயர் பிழை என்றால் பெயரை மாற்றியிருக்கலாம். ஆளையே எடுத்தது தவறு என்பதுதான் என் அபிப்பிராயம். இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்த பிள்ளைகள் வன்னியில் எத்தனை பேர். 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் மேசையில் இருக்கிறார்கள்.

2014 பாதி எல்ஃபை அப்படியே கொண்டுவாருங்கள். அதில் உள்ள குணப் புள்ளிகளை விட்டுவிட்டுப் பின்புலத்தில் வருவதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தாளில் 'பாதி' வேண்டாம். 'இருமரபு' என்று எழுதுங்கள்.

முள்ளியவளை, இரண்டு அக்காமார்: பெண்கள் வரலாமா?

வாருங்கள். 1978 இல் வந்த விதிப் புத்தகத்தில் மனிதப் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. 1989 இல் இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது. 2014 புத்தகம் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் நிற்கத் தேவையில்லை என்றே எழுதியது. புத்தகத்தில் தடை இல்லை. தடை இருப்பது கடைசி பஸ்ஸில். அதனால்தான் இரவு ஆட்டத்தை நிறுத்தி இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிக்கிறோம். நடத்துகிற நானும் பெண்தான்.

ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு: மகன் எந்த நேரமும் வாள், சண்டை, செத்தது என்று கதைக்கிறான். நாங்கள் பட்டது போதாதா பிள்ளை?

அம்மா, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நகரத்தை எதிரிப் படை சுற்றி வளைக்கும் கதையை நடத்தினேன். கல்லெறி பொறியில் இருந்து கற்கள் விழுகின்றன, சனம் நிலத்தில் வெட்டிய குழிக்குள் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகச் சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. ஒரு தம்பி கையில் இருந்த தாயத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எழும்பி வெளியே போனார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். 2009 இல் அவருக்கு எட்டு வயது. ஆட்டத்தை நிறுத்தித் தேத்தண்ணீர் போட்டோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிழை என்னுடையது. டாஷாவின் புத்தகத்தில் 'பூச்சிய அமர்வு' என்று ஒன்று சொல்லியிருந்தது, நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்க முன் எல்லாரும் இருந்து, எது வரவே கூடாது, எது வந்தாலும் விபரிக்காமல் கடந்து போக வேண்டும் என்று பேசி எழுதிக்கொள்வது. எங்கள் தாளில் முதல் பகுதியில் செல்லடியும் ஆட்கள் காணாமல் போவதும் இருக்கின்றன. காரணம் சொல்லத் தேவையில்லை. மேசை நடுவில் எக்ஸ் போட்ட மட்டை ஒன்றும் இருக்கும். யார் தொட்டாலும் அந்த இடத்தோடு காட்சி மாறும்.

சண்டை இல்லாமலும் மாதக்கணக்கில் ஆடலாம். உங்கள் மகனின் பாத்திரம் போன கிழமை ஒரு பாலத்துப் பூதத்தோடு கதைத்தே வழி வாங்கியது, அதை அவர் வீட்டில் சொல்லவில்லைப் போலிருக்கிறது. ஒரு சனிக்கிழமை வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள் அம்மா. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி: என் பாத்திரத்துக்கும் ஒரு கால் பொய்க்காலாக இருக்கலாமா?

இருக்கலாம். டாஷாவின் புத்தகத்தில் செயற்கை உறுப்பு சாதாரண மந்திரப் பொருளாகவே இருக்கிறது, சொந்த உறுப்புப் போலவே வேலை செய்யும். வேகம் குறையாது. பொய்க்காலை யார் செய்து தந்தார் என்பதை மட்டும் யோசித்து வாருங்கள், அந்த ஆளைக் கதைக்குள் கொண்டுவருகிறேன்.

பலர் கேட்டது: விலை? ஆங்கிலம்? எங்களுக்கு இது எப்படிச் சரிவரும்?

ஒரு புத்தகம் 49.99 டொலர். மூன்றும் 150. டொலர் முந்நூறு ரூபாய் என்று பார்த்தால் நாற்பத்தையாயிரம், அனுப்பும் செலவு வேறு. தமிழில் அவர்கள் வெளியிடவில்லை. புத்தகத்தின் படங்களில் எல்லா நிற மனிதரும் இருக்கலாம். விலையும் மொழியும் இப்படி இருந்தால் முள்ளியவளைப் பிள்ளைக்கு அது மூடிய கதவுதான்.

ஆனால் 2023 இல் வென்றெடுத்தது இங்கேதான் கை கொடுக்கிறது. புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பையும் 2025 ஏப்ரலில் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். எஸ்ஆர்டி 5.2 என்று பெயர். முந்நூறு பக்கத்துக்கு மேல், சதம் செலவில்லை. மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பை மட்டும் போட வேண்டும். பெரிய புத்தகத்தில் உள்ள எல்லாம் அதில் இல்லை. பன்னிரண்டு வகைப் பாத்திரங்களுக்கும் ஆளுக்கொரு கிளை மட்டும், அவர்களுடைய உலகங்கள் இல்லை. உலகம் எங்களிடம் இருக்கிறது.

மொழிபெயர்ப்புக் கொப்பி இரண்டு நிறைந்துவிட்டது. ஆறு குணங்களும் முடிந்தன: பலம், லாவகம், திடம், அறிவு, விவேகம், வசீகரம். இரண்டு தாயம் உருட்டிக் கூடியதை எடுப்பது சாதகம், குறைந்ததை எடுப்பது பாதகம். கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குக் குறளி என்று வைத்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆபத்து வரும்போது உருட்டுகிற 'சேவிங் த்ரோ'வில்தான் இரண்டு கிழமையாக நிற்கிறோம். தப்பும் உருட்டு என்று பாதிப்பேர், தாங்கும் உருட்டு என்று பாதிப்பேர். நஞ்சைத் தாங்குகிறோம், நெருப்பில் இருந்து தப்புகிறோம், இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை அதை முடித்துவிட்டுத்தான் ஆட்டம். நல்ல சொல் கிடைத்தால் எழுதிக் கொண்டுவாருங்கள், வீட்டில் அப்பம்மா அம்மம்மாவையும் கேளுங்கள். மழைக்காலம், கரண்ட் போகலாம். லாம்பு என்னிடம் இருக்கிறது.