ஆறாம் வகுப்பிலேயா, பிளஸ் ஒன்னிலா? அரசுப் பள்ளிக்கு எப்போது மாற்றுவது?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி பழைய போர்டு ஹைஸ்கூல். என் மாமனார் அங்கேதான் படித்தார். பத்தாவது வரை இப்போதைய பள்ளியிலேயே படிக்கட்டும், பிளஸ் ஒன்னுக்கு மாற்றினால் மருத்துவப் படிப்பு ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். அது சரியா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சரியில்லை, அம்மா. பிளஸ் ஒன் சேர்க்கையின்போது இதே நம்பிக்கையோடு வந்த பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியராக நான் விதியை விளக்கியிருக்கிறேன். அதற்குள் ஐந்து வருடம் கடந்திருக்கும். நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லது.

2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் தகுதி போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த வருடமும் இதில் சேராது. நீட் தேர்விலும் தகுதி பெற்றாக வேண்டும். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. பலர் மருத்துவத்தை மட்டுமே நினைத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் போதும். உங்கள் மகள் அந்த இடத்தில் சேர்ந்தவளா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வரும் ஜூனில் மாற்றிவிடுவதே நல்லது.

உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்து, தேர்விலும் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தனியார் பள்ளிப் பிள்ளைகள் இதை எழுத முடியாது.

தமிழ்வழியில் படித்தோருக்கான அரசு வேலை ஒதுக்கீட்டை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும்.

இனி, உங்கள் ஊர்ப் பள்ளி. போர்டு ஹைஸ்கூல் என்றால் ஒரு காலத்தில் ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சி அமைப்பு நடத்திய பள்ளி. 1970-இல் அரசு அவற்றை ஏற்றுக்கொண்டது. உங்கள் மாமனார் காலத்தில் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். 1978-இல் பிளஸ் டூ வந்ததும் கல்லூரிப் பாடம் பள்ளிக்கு இறங்கியது. ஆய்வகமும் முதுகலை ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். தொழிற்கல்விப் பிரிவும் அப்போதே தொடங்கியது. அதனால், பள்ளி பழமையானது என்ற பெருமையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நான் முதலில் பார்ப்பது பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்குக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான். காலியிடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆள் வைத்திருந்தால், எத்தனை வருடமாக என்று கேளுங்கள்.

பள்ளி நடக்கும் ஒரு நாளில் நேரில் போங்கள். ஆய்வகப் பூட்டு தினமும் திறக்கிறதா, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாலையில் மைதானத்தில் மாணவிகளும் விளையாடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். குறை தெரிந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். மகளைச் சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்களே உறுப்பினராகலாம். அதன் தலைவர் பொறுப்பும் ஒரு பெற்றோருக்குத்தான், அதிலும் தாய்மார்களுக்கே முன்னுரிமை. ஆசிரியர் காலியிடத்துக்கும் தண்ணீர் வசதிக்கும் குழு தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம்.

பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. மகளின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவளுக்குள்ள எண்ணை, கொண்டுபோங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பதிவு அதில் ஏறிவிட்டதா என்று அந்த மாதமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.