டிவிடி ரைட்டரை மாற்றும் முன் தகட்டை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: சொத்து வழக்கு ஒன்றுக்காக எங்கள் வீட்டு வாசலில் உள்ள சிசிடிவி பதிவை டிவிடியில் எழுதித் தரும்படி வழக்கறிஞர் கேட்டார். கடைவீதியில் உறை இல்லாத டிவிடி பத்து வாங்கி, வீட்டு மேசைக் கணினியில் நான்கு எழுதிப் பார்த்தேன். இரண்டு பாதியில் நின்றுவிட்டன. மற்ற இரண்டும் என் கணினியில் திறக்கின்றன. வழக்கறிஞர் அலுவலகக் கணினியிலோ வெற்றுத் தகடு என்று காட்டுகிறது. கணினிக் கடைக்காரர், ‘ரைட்டரின் ஹெட் போய்விட்டது, புதிது 1,800 ரூபாய் ஆகும்’ என்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: வேண்டாம். பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. பாதியில் நின்றது பெரும்பாலும் தகட்டின் குற்றம். வேறு கணினியில் வெற்றுத் தகடாகத் தெரிவது பெரும்பாலும் எழுதிய முறையின் குற்றம். இந்த இரண்டையும் விலக்கிப் பார்க்காமல் ஹெட் எனப்படும் லேசர் பகுதியின்மீது பழி போடுவது வைத்தியமே அல்ல. ரைட்டரைக் கழற்றிப் பார்க்காமல், வேறு தகடு போட்டும் பார்க்காமல், நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கிய உடனே தீர்ப்புச் சொல்லும் கடைக்காரர் உங்கள் கோளாறைச் சரிசெய்யவில்லை. அவரிடம் இருக்கும் பெட்டியை விற்கிறார்.

முதலில் தகடு. எழுதக்கூடிய டிவிடிக்குள் மெல்லிய சாயப் படலம் ஒன்று இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுத்தான் பதிவை எழுதுகிறது. எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் சாயத்துக்கும் வேறுபடும். இதற்காகவே, தொழிற்சாலையில் தகடு வார்க்கப்படும்போதே, அது யாருடைய தயாரிப்பு என்று சொல்லும் ஒரு குறியீடு அதற்குள் பதிக்கப்படுகிறது. ரைட்டர் அந்தக் குறியீட்டைப் படித்து, தனக்குள் உள்ள பட்டியலில் தேடி, அந்தத் தகட்டுக்கு உரிய சூட்டை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத தகடு என்றால் பொதுவான ஒரு சூட்டில் எழுதிப் பார்க்கும். சில நேரம் சரியாக வரும், பல நேரம் வராது.

இப்போது மோசடி எங்கே நுழைகிறது என்று பாருங்கள். மட்டமான தகட்டில் நல்ல கம்பெனியின் குறியீட்டைப் பதித்து விற்கிறார்கள். சாக்கின்மேல் பொன்னி என்று அச்சிட்டு உள்ளே வேறு அரிசியைக் கட்டிக் கொடுத்தால், பொன்னிக்கு வைக்கும் தண்ணீரை வைத்துச் சமைப்பவர் என்ன செய்வார்? சோறு கெட்டது சமைத்தவர் குற்றமா? ரைட்டரின் நிலையும் இதுதான். எழுதத் தொடங்கும் முன் தகட்டின் உள்விளிம்பில் ஒதுக்கப்பட்ட இடத்தில் அது லேசரின் வலுவைச் சோதித்துப் பார்க்கும். சாயம் குறியீட்டுக்கு ஒத்துவராவிட்டால் அங்கேயே பிழைச் செய்தி வரும். அந்தச் சோதனையைத் தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டால், சாயம் சீராகப் பரவாத வெளிவிளிம்பை நோக்கிப் போகப் போக எழுத்து பிசகி, பாதியில் நிற்கும்.

உங்கள் டிவிடிகளில் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளி விளிம்பில் மேகம் படர்ந்ததுபோல் ஒரு வளையம் தெரிந்தாலோ, தகட்டின் இரண்டு பிளாஸ்டிக் பாதிகள் ஒட்டிய இடத்தில் பசை ஏறியும் இறங்கியும் இருந்தாலோ, மீதி ஆறையும் மறந்துவிடுங்கள். குறியீட்டைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. நீங்கள் அதில் இறங்க வேண்டாம். போலித் தகட்டில் குறியீடே போலி என்னும்போது அதைப் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தகடு விற்கும் சந்தையே இன்று இப்படித்தான் இருக்கிறது. தரத்துக்குப் பெயர்போன ஜப்பானின் தையோ யூடன் 2015இன் இறுதியில் இந்தத் தொழிலை விட்டது. நம் நாட்டில் மலிவு விலைத் தகடுகளைக் குவித்த நொய்டாவின் மோசர் பேர் கடனில் மூழ்கி, 2018இல் அதைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வெர்பேட்டிம் என்ற தகட்டுப் பெயரை மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து தைவானின் சிஎம்சி மேக்னெட்டிக்ஸ் வாங்கிவிட்டது. ஆகவே கடைவீதியில் தையோ யூடன் என்றோ மோசர் பேர் என்றோ அச்சிட்ட தகட்டை யாராவது ‘புதுச் சரக்கு’ என்று நீட்டினால், ஒன்று அது பல ஆண்டு தூங்கிய பழைய சரக்கு, அல்லது போலி. உறையில்லாமல் கம்பியில் கோத்து எண்ணிக் கொடுக்கும் தகடுகளை வாங்கவே வாங்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், விலை, தயாரித்த மாதம் மூன்றும் அச்சிடப்பட்டு, உறை பிரிக்காத பெட்டியை மட்டும் வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் தகடும் வேண்டாம்.

டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை இருக்கும். இப்போதைய ரைட்டர்கள் இரண்டையும் எழுதும். பழைய கருவிகளில் படிக்க டிவிடி-ஆர் சற்றுப் பாதுகாப்பானது, அதையே வாங்குங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகடு இந்த வேலைக்கு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகத்தான் பிரதிபலிக்கும், பழைய டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறும். அழிக்கக்கூடிய தகட்டைச் சாட்சியமாகக் கொடுப்பது எதிர்த்தரப்புக்கு நாமே வாய்ப்புக் கொடுப்பதும் ஆகும். இரட்டை அடுக்குத் தகடும் வேண்டாம்.

அடுத்தது, எழுதிய முறை. வெற்று டிவிடியைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். யுஎஸ்பி பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி அல்லது டிவிடி பிளேயருக்காகவா என்று இரண்டு வழி காட்டும். முதலில் நிற்பது பென்டிரைவ் வழி. பலரும் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வழியில் எழுதிய தகடு இன்னும் எழுதலாம் என்று திறந்தே கிடக்கும். எழுதிய கணினிக்கு உள்ளே இருப்பது தெரியும். தகட்டை முறையாக வெளியேற்றிப் பதிவை மூடாவிட்டால் மற்ற கணினிகளுக்கு அது வெற்றுத் தகடுதான். உங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தது அநேகமாக இதுவே.

முதல் வேலையாக, திறக்கும் அந்த இரண்டு தகடுகளில் ஒன்றை உங்கள் கணினியிலேயே போட்டு, டிரைவின் சின்னத்தில் வலது சொடுக்குச் செய்து, பதிவை மூடும் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடுத்துவிட்டு, முடியும்வரை காத்திருந்து எடுத்துச் செல்லுங்கள். வேறு கணினியில் திறந்தால், குற்றம் எதுவென்று செலவில்லாமலே தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தகட்டை நீதிமன்றத்தில் கொடுக்காதீர்கள். நல்ல தகடு வாங்கி, இரண்டாவது வழியை, அதாவது டிவிடி பிளேயருக்கான வழியைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக எழுதுங்கள். தகட்டில் 16எக்ஸ் என்று போட்டிருந்தால் 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். மிகக் குறைந்த வேகமே சிறந்தது என்று எல்லோரும் சொல்லுவார்கள்; அது பழைய தகடுகளின் காலத்துப் பேச்சு. வேகத்துக்கென்று தயாரித்த சாயத்தை மிக மெதுவாகச் சுட்டாலும் எழுத்து கெடும். எழுதும் நேரத்தில் கணினியில் வேறு வேலை வேண்டாம்.

4.7 ஜிபி என்று தகட்டில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் சுமார் 4.37 ஜிபிதான் கொள்ளும். பதிவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பிடித்துத் திணிக்காமல், சிசிடிவி பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரிலேயே நேரத்தைப் பிரித்து இரண்டு துண்டாக எடுங்கள்.

எழுதி முடித்ததும் உங்கள் கணினியில் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். தான் எழுதிய மோசமான எழுத்தைத் தானே எப்படியாவது படித்துவிடும் டிரைவ்கள் உண்டு. தகடு நன்றாக இருக்கிறது என்பதற்கு வேறு ஒரு கணினியில் கடைசி வினாடிவரை ஓடுவதுதான் ஆதாரம். சாயம் கெடுவது பெரும்பாலும் வெளி விளிம்பில், அங்கே இருப்பது பதிவின் கடைசிப் பகுதி. தொடக்கம் ஓடுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நல்ல தகடே பாதியில் நின்றால்? ரைட்டர் உண்மையிலேயே பழுதாகும் சந்தர்ப்பமும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எளிது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். டிவிடி ரைட்டருக்குள் இருப்பது ஒரு லேசர் அல்ல. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்றும், டிவிடிக்கு 650 நானோமீட்டரில் ஒன்றுமாக இரண்டு. ஒன்று களைத்துப்போனாலும் மற்றது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே சிடி எழுதுகிறது என்பதால் டிவிடி லேசர் நலமாக இருக்கிறது என்று ஆகாது. இன்னொன்று, படிப்பதற்குத் தேவையான ஒளியைவிட எழுதுவதற்குப் பல மடங்கு வலுவான ஒளி வேண்டும். திரைப்பட டிவிடி தடங்கலின்றி ஓடும் அதே டிரைவ் எழுதும்போது மட்டும் மூச்சுத் திணறலாம். எனவே சோதனையை இப்படிச் செய்யுங்கள்: நல்ல கம்பெனியின் சிடி ஒன்று, இரண்டு வெவ்வேறு நல்ல கம்பெனிகளின் டிவிடி ஒவ்வொன்று. சிடி ஒழுங்காக எழுதி, இரண்டு டிவிடிகளும் தோற்றால் டிவிடி லேசர் போய்விட்டது என்று கொள்ளலாம். ஒரு டிவிடி எழுதி மற்றது தோற்றால், தோற்ற தகட்டுக்கும் உங்கள் ரைட்டருக்கும் ஒத்துவரவில்லை. எழுதிய கம்பெனியையே தொடர்ந்து வாங்குங்கள். மூன்றுமே தோற்றால் லேசருக்குப் போகும் முன் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், தளர்ந்த கேபிள் இதே அறிகுறியைக் காட்டும். யுஎஸ்பியில் செருகும் வெளி ரைட்டர் என்றால் கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளையிலும் யுஎஸ்பி பிரிப்பானிலும் (ஹப்) மின்சாரம் போதாமல் எழுத்து நிற்பதுண்டு.

லேசரே போய்விட்டது என்று உறுதியானால் ரைட்டரை மாற்றுங்கள், ‘ஹெட் சர்வீஸ்’ செய்யாதீர்கள். களைத்த லேசரை எந்தத் துடைப்பாலும் மீட்க முடியாது. லேசருக்கு முன் உள்ள கண்ணாடியில் தூசி என்றால் கைக்காற்றுப் பம்பால் ஊதலாம். தூரிகை ஒட்டிய சுத்தம் செய்யும் தகட்டைச் சுழலவிட்டுக் கண்ணாடியைக் கீறிக்கொண்டவர்கள் உண்டு. மேசைக் கணினியில் ரைட்டரை மாற்ற நான்கு திருகும் இரண்டு கேபிளும்தான். இதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள். ‘டிரைவர் புதுப்பித்தல்’ என்று இணையத்தில் கண் சிமிட்டும் மென்பொருள்களையும் நிறுவாதீர்கள். டிவிடி ரைட்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்ற வாசல்களில், ‘சிடி போட்டு, சான்றிதழும் சேர்த்துத் தருகிறோம்’ என்று பேசுபவர்களிடம் பதிவைக் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துடன் ஒரு சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தின் 65பி சான்றிதழுக்குப் பதிலாக வந்தது இது. அதில் இரண்டு பகுதிகள்: கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் ஒருவர் மற்றதில். உங்கள் டிவிஆரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் அகப்படப்போவது அவர் அல்ல, உங்கள் வழக்கு. யார் கையெழுத்திட வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே செய்யுங்கள்.

அந்தச் சான்றிதழில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதனால் டிவிஆரிலிருந்து எடுத்த கோப்பை எடுத்தபடியே எழுதுங்கள். ‘எல்லாவற்றிலும் ஓடும்படி எம்பி4 ஆக்கித் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அவர் கொடுப்பது அந்தப் பதிவு அல்ல, வேறு ஒரு கோப்பு. டிவிஆர் கோப்பைத் திறக்க அந்தக் கம்பெனியின் பிளேயர் தேவைப்பட்டால் அதையும் அதே தகட்டில் சேர்த்து எழுதுங்கள். டிரைவ் தகட்டைப் படித்தும் படம் ஓடவில்லை என்ற புகார் பல நேரம் இங்கேதான் பிறக்கிறது.

கடையில் விற்கும் மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. தகடு தயாரிப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடையைக் கட்டுகிறார்கள். ஆனாலும் பல அலுவலகங்கள் இன்னும் தகட்டைத்தான் கேட்கின்றன. ஸ்கேன் மையங்களும் நோயாளி கையில் தகட்டைத்தான் திணிக்கின்றன. கேட்பவர்கள் எந்த வகைத் தகடு, எந்த முறையில் எழுதியது, எந்தக் கணினியில் திறந்து பார்ப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தால் உங்களைப் போன்றவர்கள் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. அதைச் செய்ய அரைநாள் போதும். அந்த அரைநாள் வேலையை யாரும் செய்யாததால் சாமானியரின் பணம் இடைத்தரகர் கைக்குப் போகிறது. பென்டிரைவில் தந்தால் ஏற்பார்களா என்று வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். ஏற்றால் இத்தனை பாடும் வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியது: டிவிஆர்கள் வட்டு நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். தகட்டுத் தொல்லை தீரட்டும் என்று காத்திருந்தால் மூலப் பதிவே போய்விடும். இன்றே வழக்குக்குத் தேவையான நாளின் பதிவைப் பென்டிரைவிலும் கணினியிலும் எடுத்து வையுங்கள்; டிவிஆர் வட்டைக் கழற்றிப் பாதுகாக்க வேண்டுமா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். நல்ல தகட்டில் மூன்று பிரதி எழுதி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்தில் தண்ணீர் மையுள்ள மார்க்கரால் வழக்கு எண்ணை எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவும் ஒட்டும் காகிதமும் கூடாது. காகிதம் ஒட்டிய தகடு சுழலும்போது ஆட்டம் காண்கிறது. வெயில் படும் இடத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும். முதலில் எழுதிய நான்கு தகடுகளையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், குப்பையிலும் முழுதாகப் போடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வருவோர் போவோர் முகமெல்லாம் அவற்றில் இருக்கிறது. துணியில் சுற்றி உடைத்துப் போடுங்கள்.