என் கணினியில் ஓடுகிறது, மற்றவர்களிடம் ஓடவில்லை: நிறுவல் குறிப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகப் பக்கங்களை டைப் செய்த எழுத்தாக மாற்ற பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, கட்டற்ற மென்பொருளாக, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறேன். உள்ளே வேலை செய்வது, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட். நிரலோடு வரும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்பில் 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்திருக்கிறேன். இறக்கிய ஒருவருக்கு டெசராக்ட் இல்லை என்று பிழை வருகிறது. இன்னொருவருக்கு மொழியை ஏற்ற முடியவில்லையாம். மூன்றாமவருக்குப் பிழையே வரவில்லை, ஆனால் தமிழ் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டுகின்றன. குறிப்பை எப்படித் திருத்துவது?

பதில்: பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டுவருவது பைத்தான் பொதிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை மட்டும்தான். அது இறக்கித் தரும் பைடெசராக்ட்டுக்கு எழுத்தை அடையாளம் காணத் தெரியாது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் டெசராக்ட்டைக் கூப்பிட்டு வேலை வாங்குவதோடு அதன் பொறுப்பு முடிந்தது. டெசராக்ட் 1980களில் எச்பி ஆய்வகத்தில் பிறந்து, 2005இல் கட்டற்றதாக வெளிவந்த தனி மென்பொருள். அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும். தமிழ் படிக்க அதற்கு ஒரு தரவுக் கோப்பும் வேண்டும். ஆக மூன்று பொருள்கள். உங்கள் கணினியில் மற்ற இரண்டும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டதால் ஒரு வரி போதும் என்று தோன்றியிருக்கிறது. முதல் புகாருக்குக் காரணம் டெசராக்ட் இல்லாதது. இரண்டாவதற்குத் தமிழ்த் தரவு இல்லாதது.

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளின் பயனர்களுக்கு இரண்டு பொதிகளின் பெயரையும் ஒரே கட்டளையில் கொடுத்துவிடுங்கள். 'டெசராக்ட்-ஓசிஆர்' பொதியை மட்டும் போட்டால் ஆங்கிலத் தரவும், தாள் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று பார்க்கும் தரவும்தான் வரும். தமிழுக்கு, அதே பெயரோடு ஒரு சிறுகோடும் டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்த இன்னொரு பொதி உண்டு. இணையத்தில் தமிழுக்கு டி, ஏ என்ற ஈரெழுத்துக் குறியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கும் அதையே அடித்துவிட்டு விழிப்பார்கள். மூன்றெழுத்து என்பதைத் தடித்த எழுத்திலேயே போடலாம்.

விண்டோஸில்தான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தயாரித்துத் தரும் நிறுவியைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் கூடுதல் மொழிகளின் பட்டியலைத் திறந்து தமிழை நாமே டிக் செய்ய வேண்டும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால் தமிழ் வராது. நிறுவி முடிந்த பிறகு, டெசராக்ட் இருக்கும் ஃபோல்டரை விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்' அமைப்பிலும் நாமே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், மென்பொருள் கணினியில் இருந்தும் 'இல்லை' என்ற அதே முதல் பிழைதான் வரும். அந்த இரண்டு திரைகளுக்கும் படம் போடுங்கள். மற்ற திரைகளுக்கு வேண்டாம், படம் கூடினால் யாரும் படிப்பதில்லை.

மூன்றாவது புகாருக்குக் குறிப்பு எழுதாதீர்கள், நிரலைத் திருத்துங்கள். எந்த மொழி என்று சொல்லாவிட்டால் டெசராக்ட் ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு, 'அ'வையும் 'ஆ'வையும் ஏதோ ரோமன் எழுத்தாக வாசித்துத் தள்ளும். பிழைச்செய்தி ஏதும் வராததால் பயனர் உங்கள் நிரலே மோசம் என்று முடிவு கட்டிவிடுவார். தமிழ்ப் புத்தகத்துக்கான நிரலில் மொழியைப் பயனர் தேர்ந்தெடுக்க ஏன் விட்டீர்கள்? தமிழை இயல்பு மொழியாக வைத்துவிட்டால், குறிப்பில் ஒரு பத்தி மிச்சம்.

அடுத்தது, இன்னும் உங்களுக்கு வராத ஆனால் கட்டாயம் வரப்போகிற புகார். 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதற்கொண்டு, கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் நேரடியாகப் பொதிகளைப் போட அனுமதி கிடையாது. இந்தச் சூழலை வெளியிலிருந்து நிர்வகிக்கிறோம் என்று சொல்லி நிறுத்திவிடும். அந்தத் தடையை உடைக்கும் ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்க்கச் சொல்லும் பதில்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. அதை உங்கள் குறிப்பில் ஏற்றாதீர்கள். உங்கள் சிறு நிரலுக்காக இன்னொருவர் கணினியின் பைத்தானைக் கெடுக்க வேண்டியதில்லை. 'வென்வ்' என்ற பைத்தான் கருவி மூலம், கணினியின் பைத்தானைத் தொடாத தனிச்சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, அதற்குள் பிப்பை ஓட்டும் மூன்று வரிகளைக் கொடுங்கள்.

நிறுவி முடித்தவருக்கு, சரியாக நிறுவினோமா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலான ரீட்மீ கோப்புகள் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. டெசராக்ட்டிடம் மொழிப் பட்டியல் கேட்கும் கட்டளையைக் கொடுத்து, அதில் தமிழின் குறி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதிரிப் பக்கத்தின் படத்தையும் அதிலிருந்து வரவேண்டிய எழுத்தையும் நிரலோடு சேர்த்தே வையுங்கள். டெசராக்ட்டின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதும் வேண்டும். தரவு ஃபோல்டரின் இடத்தைச் சொல்லும் அமைப்பில், 3ஆம் பதிப்பு, மொழித் தரவு இருக்கும் 'டெஸ்டேட்டா' ஃபோல்டருக்கு ஒரு படி மேலே உள்ள முகவரியைக் கேட்டது; 4ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபோல்டரின் முகவரியையே கேட்கிறது. பழைய பதிவு ஒன்றைப் பார்த்துச் செய்தவர் எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பது இப்படித்தான்.

விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் திரையில் வரும்படியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பிழையை அப்படியே தேடுபொறியில் ஒட்டுகிறவர் உங்கள் பக்கத்துக்கு வந்து சேர அது ஒன்றுதான் வழி. குறிப்பை வேர்டில் எழுதாதீர்கள். அது நேரான மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாகவும், இரட்டைச் சிறுகோட்டை நீண்ட ஒற்றைக் கோடாகவும் அழகுபடுத்திவிடும். அந்தக் கட்டளை, கட்டளை அடிக்கும் திரையான எந்த டெர்மினலிலும் ஓடாது.

எழுதி முடித்ததும் உங்கள் கணினியில் சோதித்துப் பயனில்லை. மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் புதிதாக உபுண்டு போட்டு, குறிப்பில் உள்ளதை மட்டும் நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். நினைவிலிருந்து ஒரு கட்டளை அடித்தீர்கள் என்றால், அது குறிப்பில் விட்டுப்போன வரி.

டெர்மினலே தெரியாதவர்கள்தான் உங்கள் பயனர்கள் என்றால், விண்டோஸுக்கு ஒரே தொகுப்பாகக் கட்டிக் கொடுக்கலாம். அப்படிக் கட்டும் கருவியான பைஇன்ஸ்டாலர் பைத்தான் பகுதியைச் சேர்த்துக்கொள்ளும். டெசராக்ட்டையும் தமிழ்த் தரவையும் நீங்களே உள்ளே வைக்க வேண்டும். டெசராக்ட்டின் அப்பாச்சி 2.0 உரிமம் அதற்கு இடம் தருகிறது. உரிமத்தின் நகலைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள்.