நியூக்கில் ரீட் நோடுகளின் பாதையை மாற்ற ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

மும்பை கோரேகாவ் ஸ்டுடியோவில், விஎஃப்எக்ஸ் காட்சிகளை ஒன்றுசேர்க்கும் மென்பொருளான நியூக்கில், புது வெர்ஷன் வரும்போதெல்லாம் ரீட் நோடுகளின் (படக் கோப்புகளை உள்ளே கொண்டுவரும் கட்டங்களின்) பாதையைக் கையால் மாற்றுவதாகவும், புரோகிராமிங் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நாலைந்து நோடுதான் என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம். நோடுகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டையும் மேல் அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் வெர்ஷன் எண் ஒன்று கூடும்.

ஷாட்டுகள் நிறைய என்றால் ஸ்கிரிப்ட்தான் சரி. ஸ்கிரிப்ட் எழுதும் மொழியான பைத்தானின் பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு ரீட் நோடைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பாதை, முதல் பிரேம், கடைசி பிரேம் எல்லாம் வெறும் எழுத்தாக வந்து விழும். அதில் பாதையில் உள்ள வெர்ஷன் எண் 003 என்பதை 004 ஆக்கித் திரும்ப நியூக்கில் ஒட்டினால் புது நோடு தயார்! பைத்தான் செய்யப்போவதும் இதேதான்: எல்லா ரீட் நோடுகளையும் வரிசையாக எடுத்து, பாதையைப் படித்து, எண்ணை மாற்றி எழுதுவது. சில வரிகள் போதும்.

ஆனால் மாற்றுமுன் புது ஃபோல்டர் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கும் வரியை விட்டுவிடாதீர்கள். ரோட்டோ டீம் (உருவங்களின் விளிம்பை வரைந்து பிரித்தெடுப்பவர்கள்) இன்னும் அனுப்பாத வெர்ஷனுக்குப் பாதை போய்விட்டால், ராத்திரி முழுக்க ரெண்டர் ஃபார்மில் (பிரேம்களை உருவாக்கும் கணினிக் கூட்டத்தில்) எரர்தான். பிரேம் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்பதையும் ஸ்கிரிப்டையே சரிபார்க்கச் சொல்லுங்கள். எடிட்டில் ஷாட் நீண்டிருக்கலாம்.

நெட்டில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகளை அப்படியே ஒட்டாதீர்கள். நியூக் 13 முதல் பைத்தான் 3 வந்துவிட்டது. பைத்தான் 2 பாணியில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பிரிண்ட் வரியிலேயே மாட்டிக்கொள்ளும்.