ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு வைட்டமின் சி ஊசி போடச் சொல்லலாமா?

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் பெரியப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று முற்றி, ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கியதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். அதிக அளவில் வைட்டமின் சி ஏற்றினால் அழுத்தம் சீராகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மருத்துவரிடம் வற்புறுத்திக் கேட்கலாமா?

பதில்: வற்புறுத்த வேண்டாம். அந்தச் செய்தி முழுப் பொய்யல்ல, காலாவதியானது. அமெரிக்காவின் நார்ஃபோக் நகர மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1), ஹைட்ரோகார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து ஆகிய மூன்றையும் பெற்ற 47 பேரில் 8.5 சதவீதத்தினரும், அதற்கு முன்பு அவற்றைப் பெறாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் 40.4 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலினை உடல் உருவாக்க வைட்டமின் சி தேவை என்பதாலும், கடும் தொற்றில் அதன் அளவு சரிகிறது என்பதாலும் பலரும் நம்பினோம்.

ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2022-இல் வெளியான 872 பேர் ஆய்வில், 28-ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்ந்து, வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதமாகவும் பெறாதவர்களில் 38.5 சதவீதமாகவும் இருந்தனர். அதாவது பெற்றவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

உங்கள் பெரியப்பா சர்க்கரை நோயாளி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் வைட்டமின் சி மிகுந்திருக்கும்போது, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சில குளுக்கோமீட்டர்கள் அதையும் சர்க்கரையாகக் கணக்கிட்டு, உண்மையில் 80 இருக்கும் இடத்தில் 200-க்கு மேல்கூடக் காட்டக்கூடும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயகரமாகக் குறையும், மயக்கத்தில் இருப்பவரால் படபடப்பையோ வியர்வையையோ சொல்லவும் முடியாது. வைட்டமின் சி உடைந்து உருவாகும் ஆக்சலேட் என்னும் உப்பு சிறுநீரகத்தில் படியும் அபாயமும் உண்டு.

தயமின் மட்டும் ஒரு விதிவிலக்கு. நெடுநாள் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் பல வாரங்கள் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் தயமின் குறைபாடே இதயத்தைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடக்கூடும். அவர்களுக்கு அந்த ஊசி விரைவாகப் பலன் தரும். பெரியப்பாவுக்கு அப்படி ஏதேனும் இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி அவரைக் காப்பவை உரிய நேரத்து ஆன்டிபயாட்டிக், போதிய சலைன், சராசரி ரத்த அழுத்தத்தை (மேல், கீழ் அளவுகளிலிருந்து கணக்கிடுவது) 65-க்குக் குறையாமல் வைக்கும் நார்அட்ரினலின் ஆகியவைதாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, சிறுநீர்ப் பாதையில் கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்றா என்பது. அடைப்பை நீக்காதவரை எந்த மருந்தும் முழுமையாக வேலை செய்யாது.