உப்புக்கட்டியைக் கடித்தே தின்னும் குதிரை

உங்கள் குதிரை 2 கிலோ உப்புக்கட்டியைப் பத்தே நாளில் கடித்துத் தின்றுவிட்டது, லாயம் முழுக்க ஈரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட என்னை உறுத்தியது, அது மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக்கட்டி என்ற வரிதான். முதலில் உறையைத் தேடி எடுத்துப் படியுங்கள். மொனென்சின் என்று இருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மாடு தாங்கும் அந்த மருந்து, குறைந்த அளவிலேயே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துவிடும்.

வெறும் உப்பு என்றால் சரி, பயம் வேண்டாம். மிஞ்சிய உப்பு சிறுநீரில் போய்விடும், அந்த ஈரம் அதுதான். ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒரு வேளைகூடக் காலியாக இருக்கக் கூடாது.

கட்டியை எடுத்துவிடுங்கள். 500 கிலோ எடையில், வேலை இல்லாத குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு போதும். வியர்க்க உழைத்தால் இரு மடங்குகூட ஆகலாம். தூள் உப்பாக, நனைத்த தீவனத்தில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கலந்து கொடுங்கள். குதிரை நாக்கு மாட்டு நாக்கு மாதிரி சொரசொரப்பானது இல்லை, கட்டியை நக்கினால் உப்பு அவ்வளவாக வராது, அதனால் கடிக்கவும் செய்யும். என் குதிரையும் கொஞ்ச நேரம் நக்கிப் பார்க்கும், அப்புறம் விளிம்பில் பல்லை வைத்துக் கரகரவென்று சுரண்டத் தொடங்கிவிடும். ஆனால் அது அப்படிச் சுரண்டியது பெரும்பாலும் பொழுது போகாததால்தான். வைக்கோலைக் கூடுதலாகப் போட்டதும் குறைந்தது.

கட்டியை எடுத்து ஒரு வாரமாகியும் தண்ணீரை அதேபோலக் குடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.